கலங்கல் உள்ள ஏரி: எமர்சன், தோரோ, திரு.வி.க.

காலை ஷிப்டுக்கு ஆள் ஏற்றும் கம்பெனி பஸ்கள் மணிமங்கலத்துக்குள் நுழையும்போது இருட்டு முழுதாக விலகியிருக்காது. ஒரகடத்துக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் போகிறவர்கள் டிபன் பையோடு ஏறுவார்கள். நைட் ஷிப்ட் முடித்தவர்கள் கண் எரிச்சலோடு இறங்குவார்கள். ஏரிக்கரை பக்கத்திலேயே இருக்கிறது. தண்ணீர் நிற்கும் மாதங்களில் கொக்கும் நாரையும் வரும். ஏறுகிறவர்களுக்கும் நேரம் இல்லை, இறங்குகிறவர்களுக்கும் நேரம் இல்லை.

இந்த 'நேரம் இல்லை' என்ற சொல்லை ஏறத்தாழ 180 ஆண்டுகளுக்கு முன் ஒருவர் தீவிரமாக விசாரித்தார். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், கான்கார்டு என்ற சிற்றூரை ஒட்டிய வால்டன் ஏரிக்கரையில் குடிசை போட்டுத் தங்கிய ஹென்றி டேவிட் தோரோ அவர். அவரும், அவருக்கு மூத்தவரான ரால்ஃப் வால்டோ எமர்சனும், அவர்களைச் சுற்றியிருந்த சிலரும் வளர்த்த சிந்தனைக்கு டிரான்சென்டென்டலிசம் என்று பெயர். தமிழில் கடந்தநிலைவாதம் எனலாம். கடவுள் என்ற சொல்லையே 'கடந்தும் உள்ளுமாக நிற்பது' என்று விளக்கிப் பழகிய நமக்கு இந்தப் பெயர் அந்நியமாகத் தோன்றாது.

இச்சிந்தனை குறித்து நம்மிடம் மூன்று முடிவுகள் புழங்குகின்றன. நம் வேதாந்தம்தான் அங்கே போய்த் திரும்பியது, அதில் புதிதாக ஒன்றுமில்லை என்பது ஒன்று. வயிறு நிறைந்தவர்களின் ஓய்வுநேரத் தத்துவம் அது என்பது மற்றொன்று. தன்னம்பிக்கைப் புத்தகம்போல் அதை வாசித்து, 'உன்னால் முடியும்' என்ற அளவோடு நிறுத்திக்கொள்வது மூன்றாவது. மூன்றிலும் ஓரளவு உண்மை உண்டு. ஆனால் பேட்ஜை மாட்டிக்கொண்டு பஸ் ஏறும் ஒரு பெண்ணுக்கு இதனால் என்ன பயன் என்ற கேள்விக்கு மூன்றுமே பதில் சொல்லவில்லை. அந்தக் கேள்வியை வைத்து இந்த முழு விஷயத்தையும் மறுபடி பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

கான்கார்டில் நடந்தது

எமர்சன் 1803இல் பிறந்தவர். பாஸ்டனில் யூனிடேரியன் சபையின் போதகராக இருந்தார். மனம் ஒப்பாத ஒரு சடங்கை நடத்திக்கொண்டிருக்க முடியாது என்று 1832இல் அந்தப் பதவியை விட்டார். 1836இல் 'இயற்கை' என்ற சிறு நூலை வெளியிட்டார். அதே ஆண்டு நண்பர்கள் கூடி விவாதிக்கும் ஒரு குழுவும் உருவானது. 1841இல் வந்த கட்டுரைத் தொகுதியில் தற்சார்பு பற்றியும் எல்லா உயிர்களையும் இணைக்கும் பேரான்மா பற்றியும் அவர் எழுதியவை இந்த இயக்கத்தின் தூண்களாயின.

அவர் சொன்னதைச் சுருக்கினால் மூன்று கூறுகள் கிடைக்கும். உண்மையை அறிய ஒவ்வொருவருக்குள்ளும் ஒரு திறன் இருக்கிறது; நூலோ, சபையோ, பட்டமோ அதற்கு வாயில்காப்பாளர் ஆகாது. அந்த உள்ளொளி எல்லாரிலும் ஒன்றே. இயற்கை, அந்த ஒளி நம் கண்ணுக்குத் தெரியும் வடிவம். எமர்சன் வரலாற்றையும் இதே கண்ணால் பார்த்தார். கடந்தகாலத்தை அரசர்களின் கதையாக ஒதுக்காமல் ஒவ்வொருவரும் தன் வாழ்க்கையாகவே வாசிக்க வேண்டும் என்றார். முதலாம் நரசிம்மவர்மன் இரண்டாம் புலிகேசியை வென்ற களங்களில் ஒன்றாக மணிமங்கலத்தைக் கூரம் செப்பேடு குறிக்கிறது. எமர்சன் வழியில் அதை வாசிக்கிறவர், வென்றவனைத் தெரிந்துகொண்டபின், ஏரி வெட்டியவரையும் கரை காத்தவரையும் தேடத் தொடங்குவார்.

இந்தக் குழுவில் பெண்கள் முன்னணியில் இருந்தார்கள். 'டயல்' என்ற இதழ் 1840இல் தொடங்கியபோது அதன் ஆசிரியர் மார்கரெட் ஃபுல்லர். உள்ளொளி எல்லாருக்கும் பொது என்றால் பெண்ணுக்கு மட்டும் எல்லை போடுவது எப்படி நியாயம் என்று 1845இல் ஒரு முழு நூலே எழுதினார்.

அதே 1845இல், ஜூலை 4 அன்று தோரோ குடிசைக்குக் குடிபோனார். 1847 செப்டம்பர் 6 வரை, 2 ஆண்டு 2 மாதம் 2 நாள் அங்கே இருந்தார். நிலம் எமர்சனுடையது. குடிசைக்கு ஆன செலவு 28 டாலர் 12½ சென்ட். பலகை, ஆணி, சுண்ணாம்பு என்று கணக்கை வரி வரியாக 1854இல் வந்த 'வால்டன்' நூலில் அச்சிட்டிருக்கிறார். அவரைக் காட்டுக்கு ஓடிய துறவியாகக் கருதுவோர் ஒன்றை மறக்கிறார்கள்: அவர் குடும்பம் பென்சில் உற்பத்தி செய்தது. கிராஃபைட்டையும் களிமண்ணையும் கலக்கும் முறையைச் சீர்படுத்தி அந்தப் பென்சிலின் தரத்தை உயர்த்தியவர் தோரோ. இன்று அவர் நம் பக்கம் வந்தால் தொழிற்சாலையைக் கண்டு மிரளமாட்டார். லைனில் நடந்துபோய் எது எப்படி ஓடுகிறது என்றுதான் முதலில் கேட்பார்.

ஐஸ் கப்பலும் கீதையும்

கான்கார்டுக்கும் சென்னைக்கும் நேரடித் தொடர்பு ஒன்று இருந்தது. பாஸ்டன் வணிகர் ஃபிரெடரிக் டியூடர் 1833இல் கல்கத்தாவுக்குக் கப்பலில் ஐஸ் அனுப்பினார். சென்னைக்கும் ஐஸ் வந்தது. அதைச் சேமிக்கக் கடற்கரையில் 1842 வாக்கில் எழுந்த கட்டடமே ஐஸ் ஹவுஸ். 1846-47 குளிர்காலத்தில் வால்டன் ஏரியில் பனிக்கட்டி அறுக்க ஆட்கள் வந்ததைத் தோரோ விரிவாக எழுதியிருக்கிறார். தன் கிணற்றுத் தண்ணீரைச் சென்னையின் வெயிலில் வாடுகிறவர்களும் குடிக்கப்போகிறார்கள் என்று எண்ணி மகிழ்ந்தார். அடுத்த மூச்சிலேயே, தான் காலையில் கீதை படிப்பதையும் வால்டன் நீர் கங்கையோடு கலப்பதையும் சேர்த்துச் சொன்னார். சார்லஸ் வில்கின்ஸின் 1785ஆம் ஆண்டு ஆங்கில மொழிபெயர்ப்பு வழியாகக் கீதை அவர் கைக்குப் போயிருந்தது. எமர்சன் 1857இல் 'பிரம்மா' என்ற கவிதையே வெளியிட்டார்.

அங்கே போனது திரும்பியும் வந்தது. 1897 பிப்ரவரியில் விவேகானந்தர் 9 நாள் தங்கியது அதே ஐஸ் ஹவுஸில். இன்று அது விவேகானந்தர் இல்லம். தோரோ அடிமைமுறையையும் மெக்சிகோ போரையும் எதிர்த்து வரி கட்ட மறுத்து 1846இல் ஓர் இரவு சிறையில் இருந்தார். அதைப் பற்றி எழுதிய கட்டுரை 1849இல் வெளிவந்தது. காந்தி அதன் சாரத்தை 1907இல் தென்னாப்பிரிக்காவில் தன் 'இந்தியன் ஒப்பீனியன்' இதழில் தந்தார். தன் எதிர்ப்பு அதைப் படிப்பதற்கு முன்பே தொடங்கிவிட்டது என்று காந்தியே பின்னாளில் தெளிவுபடுத்தினார். ஆகவே இதைக் கடன் என்று சொல்வதைவிட, இரண்டு கரைகளில் எழுந்த ஒரே எண்ணம் ஒன்றையொன்று அடையாளம் கண்டுகொண்டது என்று சொல்வதே பொருந்தும். 1930இல் இராஜாஜி திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு நடந்த உப்பு யாத்திரை அந்த அறிமுகத்தின் தமிழ் அத்தியாயம். விமான நிலையத்துக்கு நிலம் தரமாட்டோம் என்று தீர்மானத்துக்கு மேல் தீர்மானம் போட்டு, 2024 மக்களவைத் தேர்தலையும் புறக்கணித்த பரந்தூர்ப் பகுதி ஏகனாபுரத்தில் அதே குரலின் தொடர்ச்சி கேட்கிறது.

இவ்வளவும் முதல் முடிவுக்கான பதில். வேதாந்தம் போய் வந்தது உண்மை. போனபடியே வரவில்லை. வரி மறுப்பையும், பெண்ணுரிமையையும், வீட்டுச் செலவுக் கணக்கையும் கூட்டிக்கொண்டு வந்தது.

லோவல் மணியோசை

கான்கார்டு ஆறு வடக்கே ஓடி மெர்ரிமாக் ஆற்றில் சேரும் இடத்தில் இருப்பது லோவல் நகரம். 1820களில் ஆற்றின் நீர்விசையை நம்பி அங்கே பெரும் பருத்தி ஆலைகள் எழுந்தன. கிராமத்துப் பண்ணை வீடுகளிலிருந்து இளம்பெண்கள் ஆயிரக்கணக்கில் வந்தார்கள். கம்பெனி கட்டிய விடுதிகளில் தங்கினார்கள். இரவு 10 மணிக்குக் கதவு அடைக்கப்படும். எழுவது, உண்பது, வேலைக்குப் போவது எல்லாம் ஆலை மணிக்கு. ஒரு நாள் வேலை 12 மணி நேரத்தைத் தாண்டும்.

இதைப் படிக்கிறபோது நம் பக்கத்துக் காட்சி கண்ணில் வராமல் போகாது. ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம், ஒரகடம் பகுதிகளின் மின்னணு ஆலைகளில் வேலை செய்கிற இளம்பெண்களில் மிகப் பலர் வெளி மாவட்டங்களிலிருந்து வந்து விடுதியில் தங்குகிறவர்கள். வல்லம் வடகாலில் சிப்காட் 706.50 கோடி ரூபாயில் கட்டிய 18,720 படுக்கைகள் கொண்ட குடியிருப்பு 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. ஓர் ஊரே படுக்கைக் கணக்கில் எண்ணப்படும் காலம் இது.

லோவல் பெண்கள் மணியோசைக்கு அடங்கிக் கிடக்கவில்லை. கூலிக் குறைப்பை எதிர்த்து 1834இலும், விடுதிக் கட்டண உயர்வை எதிர்த்து 1836இலும் வேலைநிறுத்தம் செய்தார்கள். அவர்களே எழுதிய 'லோவல் ஆஃபரிங்' என்ற இதழ் 1840 முதல் வெளிவந்தது. சாரா பேக்லி தலைமையில் சங்கம் அமைத்து, பத்து மணி நேர வேலைக்குச் சட்டம் கேட்டு 1845இல் மாநில சட்டமன்றத்துக்கு மனுக் கொடுத்தார்கள். சட்டமன்றம் தலையிட மறுத்தது. தோரோ ஏரிக்கரைக்குக் குடிபோன அதே ஆண்டு!

ஒரே ஆண்டு, ஒரே மாநிலம். ஒருவர் தன் நேரத்தை மீட்க ஏரிக்கரைக்குப் போனார். ஆயிரக்கணக்கான பெண்கள் தங்கள் நேரத்தை மீட்கச் சட்டமன்றத்துக்குப் போனார்கள். ஆலைமுறை மனிதரை நன்றாக உடுத்துவதற்காக நடக்கவில்லை, முதலாளிகள் கொழிக்கவே நடக்கிறது என்று 'வால்டன்' நூலில் தோரோ கடுமையாகவே எழுதினார். ஆனால் அந்தப் பெண்களின் மனுவோடு அவர் தன் தேடலைச் சேர்த்துக்கொள்ளவில்லை. கான்கார்டு சிந்தனையின் பெரிய இடைவெளி இது. இதைத் தமிழ்நாட்டில் ஒருவர் நிரப்பினார் என்பது என் வாதம்.

துள்ளத்திலிருந்து பெரம்பூர் வரை

கான்கார்டுக்காரர்கள் எழுதிக்கொண்டிருந்த காலத்தில் இங்கே இராமலிங்க வள்ளலார் வாழ்ந்தார். தோரோவுக்கு ஆறு வயது இளையவர். ஒருவரை ஒருவர் அறியாதவர்கள். சடங்கையும் சாதியையும் தள்ளி, கடவுளை ஒளியாகக் கண்டவர் வள்ளலார். ஆனால் அவர் 1872இல் சத்திய ஞான சபையை எழுப்புவதற்கு ஐந்து ஆண்டு முன்பே, 1867இல், வடலூரில் தருமசாலையைத் தொடங்கிவிட்டார். ஒளிக்கு முன்னால் அடுப்பு. இந்த வரிசை கவனிக்கத்தக்கது. எமர்சனின் வாரிசான வால்ட் விட்மனைப் பற்றித் தமிழில் ஆர்வத்தோடு எழுதியவர் பாரதி. விட்மனின் வசனகவிதைக் காற்று பின்னர் ந. பிச்சமூர்த்தி வழியாகப் புதுக்கவிதைக்குள் நுழைந்தது. ஸ்ரீபெரும்புதூரில் 1017இல் பிறந்த இராமானுசர், மறைத்து வைக்கச் சொன்ன மந்திரத்தைத் திருக்கோட்டியூர்க் கோபுரத்தில் ஏறி எல்லாருக்கும் சொன்னார் என்பது வைணவ மரபு. உண்மைக்கு வாயில்காப்பாளர் வேண்டாம் என்ற எண்ணம் இந்த மண்ணுக்குப் புதிதல்ல.

இந்த இழைகள் எல்லாம் முடிச்சாகச் சேர்ந்த இடம் திரு.வி.க. அன்றைய செங்கற்பட்டு மாவட்டத்துத் துள்ளம் கிராமத்தில் 1883இல் பிறந்தவர். மணிமங்கலமும் அன்று அதே மாவட்டம்தான். இயற்கை அழகே முருகு என்று 'முருகன் அல்லது அழகு' எழுதினார். பெண்ணின் மேன்மையைப் பற்றித் தனி நூல் எழுதினார். சன்மார்க்கம் பேசினார். எமர்சனும் தோரோவும் ஃபுல்லரும் பிரித்து எடுத்துக்கொண்ட வேலைகளைத் தமிழில் அவர் ஒருவரே செய்தார். கூடவே அவர்கள் செய்யாத ஒன்றையும் செய்தார்.

பெரம்பூரில் பக்கிங்காம், கர்நாடிக் ஆலைகளுக்கு அருகே வேங்கடேச குணாமிருத வர்ஷிணி சபை என்ற சமயச் சபை இருந்தது. அதை நடத்தியவர்களில் செல்வபதி செட்டியாரும் இராமானுஜலு நாயுடுவும் முக்கியமானவர்கள். சொற்பொழிவு கேட்க வந்த தொழிலாளர்களின் துயரம் அவர்கள் காதில் விழுந்தது. மதியம் சாப்பிடக்கூட இடைவேளை போதவில்லை என்பது முதல் முறையீடுகளில் ஒன்று. அவர்கள் உதவி கேட்டுப் போனது பி.பி. வாடியாவிடம். அவர் அடையாறு பிரம்மஞான சபையைச் சேர்ந்தவர். அச்சபையின் அடிப்படை நூலான 'இரகசியக் கோட்பாடு' எமர்சனின் பேரான்மா என்ற சொல்லையே எடுத்தாள்கிறது. 1918 ஏப்ரல் 27 அன்று வாடியா தலைவராக, திரு.வி.க. துணைத்தலைவர்களில் ஒருவராக, சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. இந்தியாவில் முறைப்படி அமைந்த முதல் தொழிற்சங்கம் என்று அதையே சொல்கிறார்கள். ஆலை நிர்வாகம் வாடியாமீது உயர்நீதிமன்றத்தில் தொடுத்த வழக்கு, 1926இன் தொழிற்சங்கச் சட்டத்துக்கான தேவையை நாட்டுக்கு உணர்த்தியது.

உள்ளொளியைப் பேசிய கூட்டம் உணவு இடைவேளையைக் கேட்கும் கூட்டமானது. இதைத் தத்துவத்திலிருந்து இறங்கியதாக நான் காணவில்லை. ஒவ்வொருவருக்குள்ளும் ஒரே ஒளி என்று உண்மையிலேயே நம்பினால், அந்த ஒருவர் அவசர அவசரமாகச் சோற்றை விழுங்கிவிட்டு ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. நம்பிக்கை முழுமையானால் கோரிக்கையாக மாறும்.

எதிர்வாதங்கள்

தனிமை எல்லாருக்கும் கிடைக்கும் பொருளா என்பது முதல் எதிர்வாதம். தோரோவுக்கு நண்பரின் நிலம் இருந்தது. அம்மா வீடு நடைதூரத்தில் இருந்தது. விடுதி அறையைப் பலரோடு பகிரும் பெண்ணுக்குத் தனிமை எங்கே? நியாயமான கேள்வி. ஆனால் இதிலிருந்து வரவேண்டிய முடிவு, தனிமை தேவையில்லை என்பதாக இருக்கக் கூடாது. தனிமையும் கூலியைப்போல, விடுப்பைப்போலக் கேட்டுப் பெறவேண்டியது என்பதாக இருக்க வேண்டும்.

தற்சார்பு என்ற சொல் முதலாளிக்கு வசதியானது என்பது இரண்டாவது. 'உன் முன்னேற்றம் உன் கையில்' என்று சொல்லிவிட்டால் காண்டிராக்ட் தொழிலாளி நிரந்தரமாகாததற்கு யாரும் பதில் சொல்ல வேண்டியதில்லை. எமர்சனிடமே இந்தச் சாய்வு உண்டு. ஏழைகள் எல்லாரும் தன் பொறுப்பா என்று ஓரிடத்தில் கேட்டார். அங்கே அவரைப் பின்பற்ற வேண்டாம்.

மூன்றாவது மிகக் கனமானது. எல்லாரிலும் ஓர் ஆன்மா என்று பேசிய நாட்டில்தான் ஒரே குளத்தில் தண்ணீர் மொள்ள விடவில்லை. அம்பேத்கர் 1927இல் மகாட் குளத்துக்கு நடந்தது அதனால்தான். சென்னைச் சங்கமும் இதற்குத் தப்பவில்லை. 1921 ஆலை வேலைநிறுத்தத்தின்போது சாதி இந்துத் தொழிலாளர்களும் ஆதிதிராவிடத் தொழிலாளர்களும் பிளந்து, புளியந்தோப்பில் கலவரம் வெடித்தது. உள்ளொளி பற்றிய பேச்சு, ஊருக்கும் சேரிக்கும் நடுவே கிடந்த கோட்டை அழிக்கவில்லை. கடந்தநிலைவாதத்தை இங்கே பேசுகிறவர்கள் இந்தத் தோல்வியை மறைக்காமல் சொல்லியே தொடங்க வேண்டும். வால்டன் காட்டில் தனக்கு முன் வாழ்ந்து மறைந்த விடுதலை பெற்ற கறுப்பின மக்களின் பெயர்களைத் தோரோ தன் நூலில் தேடித் தேடிப் பதிந்தார். அந்த நேர்மை நமக்கு வேண்டும்.

அன்றாடத்தில்

இனி அந்தப் பெண்ணின் கேள்விக்கு வருகிறேன். மூன்று பயன்கள் உண்டு.

முதலாவது, விலையைப் பார்க்கும் கண். ஒரு பொருளின் உண்மையான விலை, அதற்காக நாம் கொடுக்கும் ஆயுள் என்பது தோரோவின் கணக்கு. 30 மைல் தொலைவிலுள்ள ஊருக்கு ரயிலில் போகும் கட்டணம் ஏறக்குறைய ஒரு நாள் கூலி. அதைச் சம்பாதித்துவிட்டு ஏறுவதற்குள் நடந்தே போய்ச் சேர்ந்துவிடுவேன் என்றார். நம் கணக்கில் போட்டுப் பார்க்கலாம். கைக்கு மாதம் 18,000 ரூபாய் வரும் ஒருவர் 26 நாள் வேலை செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். 1,20,000 ரூபாய் பைக் அவருக்கு ஏறத்தாழ 173 நாள். இஎம்ஐ வட்டி சேர்ந்தால் அதற்கும் மேல். பஸ் வராத ஊர்க்காரருக்கு அந்தப் பைக் அவசியம். 173 நாளும் தகும். ஓ.டி. பார்த்துக் கட்டும் வேறு எத்தனை தவணைகள் அப்படித் தகும் என்பதை அவரவர்தான் முடிவு செய்ய வேண்டும். முடிவு எதுவாயினும், ரூபாயில் பார்த்ததை நாளில் பார்த்த கண் பழையபடி மூடாது.

இரண்டாவது, கவனம். வேலை முடிந்த பிறகும் கைபேசி ஷிப்ட் பார்க்கிறது. வாரத்தில் ஒரு மாலை, அதை அணைத்துவிட்டு ஏரிக்கரையில் அரை மணி நேரம் நடப்பதற்குக் காசு வேண்டாம். எமர்சன் கேட்டதும் அவ்வளவுதான்: முன்னோர் நேருக்கு நேர் கண்டதை நாமும் நம் கண்ணால் காண வேண்டும்.

மூன்றாவது, மறுக்கும் துணிவும் சேரும் துணிவும். 2023 ஏப்ரல் 21 அன்று, 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் தொழிற்சாலைச் சட்டத் திருத்தம் தமிழ்நாடு சட்டமன்றத்தில் நிறைவேறியது. தொழிற்சங்கங்கள் ஒன்றுசேர்ந்து எதிர்த்தன. மே தினத்தன்று அது திரும்பப் பெறப்பட்டதாக அறிவிப்பு வந்தது. 1845இல் லோவல் பெண்கள் தோற்ற வழக்கை இங்கே ஜெயித்தார்கள் என்றே சொல்வேன். 2024 செப்டம்பர் 9 முதல் 37 நாள் சுங்குவார்சத்திரத்தில் சாம்சங் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்ததன் மையக் கோரிக்கை சங்கத்துக்கு அங்கீகாரம். தங்களுக்கென ஒரு பெயரும் குரலும் வேண்டும் என்று கேட்டார்கள். 2025 ஜனவரியில் சங்கம் பதிவானது. சுயமரியாதை என்று நாம் சொல்வதும், தற்சார்பு என்று எமர்சன் சொன்னதும் சந்திக்கும் இடம் இதுதான்.

வால்டன், பனிப்பாறை உருகி விட்டுப்போன பள்ளத்தில் நிற்கும் நீர். அதற்குள் ஓடிவரும் ஓடையும் இல்லை, வெளியேறும் ஓடையும் இல்லை. தனி மனிதனின் உள்ளத்துக்கு அதைத் தோரோ உவமையாகக் கொண்டது பொருத்தமே. நம் ஏரி வேறு வகை. மழையை வாங்கும், நிரம்பும், மதகு வழியாக வயலுக்குக் கொடுக்கும், மிஞ்சியதைக் கலங்கல் வழியாக அடுத்த ஏரிக்கு விடும். மணிமங்கலம், ஆதனூர், மலைப்பட்டு வட்டாரத்து ஏரிகளின் உபரிநீர்தான் அடையாறாகத் தொடங்கி, வாடியா பணிபுரிந்த பிரம்மஞான சபைத் தோட்டத்தை ஒட்டிக் கடலில் சேர்கிறது. வாய்க்காலையும் கலங்கலையும் அடைத்துக்கொண்டே போனதன் விலையை 2015 டிசம்பரில் முடிச்சூரும் வரதராஜபுரமும் கழுத்தளவு நீரில் கண்டன.

தன்னுள் நிறைவது முதல் கடமை. கரை பலமாக இருக்க வேண்டும். நிறைந்ததை அடுத்தவருக்கு விடும் வழியைத் திறந்து வைப்பது இரண்டாவது கடமை. கான்கார்டு முதலாவதை அழகாகச் சொன்னது. பெரம்பூர் இரண்டாவதைச் செய்து காட்டியது. நாளைக் காலை பஸ் ஏறப்போகிறவருக்கு இரண்டும் வேண்டும்.